துப்பாக்கி வந்துவிட்டது, தோட்டாப் பெட்டி எங்கே?

பூந்தமல்லியைத் தாண்டியதும் நசரத்பேட்டை. பெங்களூர் நெடுஞ்சாலையும், வண்டலூரிலிருந்து மீஞ்சூர் போகும் வெளிவட்டச் சாலையும் சந்திக்கும் இடம். அங்கே சற்று நேரம் நின்றால், கூரையில்லாத, கதவில்லாத, இருக்கைகளும் இல்லாத பஸ் ஒன்று ஓடிவருவதைச் சில நாட்களில் காணலாம். சக்கரங்கள், எஞ்சின், இரண்டு நீண்ட இரும்புச் சட்டங்கள், கொளுத்தும் வெயிலில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் டிரைவர். அவ்வளவுதான் வண்டி. பாடி கட்டுவதற்காகக் கரூர் போன்ற ஊர்களின் பட்டறைகளுக்குப் போகும் சேஸிஸ் அது.

இந்தச் சேஸிஸ் என்ற வார்த்தை இப்போது துப்பாக்கித் தொழிலிலும் புகுந்துவிட்டது. நேற்றுவரை துப்பாக்கி என்றால் இரும்புக் குழலும் மரக்கட்டையும்தான். இன்று மரக்கட்டை போய்விட்டது. கடைந்தெடுத்த அலுமினியச் சட்டம் ஒன்றைச் செய்து, அதன் மேல் குழலையும் யந்திரப் பகுதியையும் வைத்துத் திருகி இறுக்கிவிடுகிறார்கள். சட்டத்தின் அடியில் நீள்சதுரமாக ஒரு வாய். அந்த வாயில் ஒரு தகரப் பெட்டியைச் செருகினால் ‘டிக்’ என்று கவ்விக்கொள்ளும். விசையை அழுத்தினால் கழன்று கையில் வரும். மாகஸின் என்று சிப்பாய்கள் சொல்லும் தோட்டாப் பெட்டி இதுதான்.

சாதாரணத் தகரப் பெட்டிதானே, இதற்கு ஒரு கட்டுரையா என்று வாசகர்கள் கேட்கலாம். எல்லையில் குறி பார்த்துப் படுத்திருக்கும் ஜவானைக் கேட்டால் அப்படிச் சொல்லமாட்டார். கோடிக்கணக்கான ரூபாய் செலவில் நம் சர்க்கார் வாங்குகிற, நம் தொழிற்சாலைகள் செய்கிற புதிய துப்பாக்கிகள் எத்தனை காலம் உழைக்கும் என்பதை இந்தப் பெட்டிதான் பெரும்பாலும் தீர்மானிக்கப் போகிறது.

பழைய யந்திரம், புதிய மதிப்பு

ஒவ்வொரு முறை சுட்டபிறகும் கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, மறுபடி கீழே அழுத்த வேண்டிய துப்பாக்கிக்கு ‘போல்ட் ஆக்‌ஷன்’ என்று பெயர். போலீஸ் பாராக்காரரின் தோளில் தமிழ்நாட்டு மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பழகிய .303 ரைபிள் இந்த ஜாதியைச் சேர்ந்தது. 2008-ல் பம்பாய் ரயில் நிலையத்தில் புகுந்த பயங்கரவாதிகளின் யந்திரத் துப்பாக்கிகளுக்கு எதிரே காவலர்கள் கையில் இருந்ததும் இதே .303 தான். அதற்குப் பிறகு இதை ஒழிக்க வேண்டும் என்ற குரல் பலமாயிற்று. உத்தரப் பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு தினத்தன்று சம்பிரதாயமாகவே இதற்கு விடை கொடுத்து அனுப்பியது.

ஆனால் போலீஸ் உதறிய இந்த யந்திரத்தையே ராணுவம் வேறொரு காரியத்துக்குத் தேடிப்போய் வாங்குகிறது. ‘ஸ்னைப்பர்’ என்று சொல்லப்படும், மறைந்திருந்து நெடுந்தூரக் குறியைச் சுடும் சிப்பாய்க்கு வேகம் பெரிதல்ல. முதல் குண்டு படவேண்டிய இடத்தில் படவேண்டும். தானாக மறுதோட்டா ஏற்றும் துப்பாக்கியில், குண்டு வெடிக்கும்போது உள்ளே சில பாகங்கள் ஓடத் தொடங்கிவிடுகின்றன. கையால் இழுக்கும் துப்பாக்கியில் எதுவும் அசைவதில்லை. ஆயிரம் மீட்டருக்கு அப்பால் அந்த வித்தியாசம் தெரியும்.

கழன்றும் கழற்றாத பெட்டி

கழற்றி மாட்டும் தோட்டாப் பெட்டி புதிய கண்டுபிடிப்பு என்று நினைத்தால் தவறு. ஸ்காட்லாந்தில் பிறந்து, கனடாவில் வளர்ந்து, அமெரிக்காவில் தொழில் செய்த ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவர் 1879-லேயே இதற்கு உரிமைப் பத்திரம் வாங்கிவிட்டார். பிரிட்டிஷ் ராணுவம் 1888-ல் அதை ஏற்றுக்கொண்டது. முதலில் எட்டுத் தோட்டா, பிறகு பத்து. நமது .303, அந்த லீயின் பெயரைச் சுமக்கும் லீ-என்ஃபீல்டு துப்பாக்கியேதான்.

வேடிக்கை என்னவென்றால், பெட்டி கழன்றதே தவிர அதை யாரும் கழற்றவில்லை. ஆரம்பத்தில் செய்த துப்பாக்கிகளில், தொலைந்துபோகக் கூடாதென்று பெட்டியைச் சிறு சங்கிலியால் துப்பாக்கியோடு கட்டியே கொடுத்தார்கள்! பெட்டி அதன் இடத்திலேயே இருக்கும். சிப்பாய் மேலிருந்து தோட்டாக்களைத் திணிக்க வேண்டும். போயர் யுத்தத்தில் எதிரிகள் ஐந்து தோட்டாக்களைத் தகட்டில் கோத்து ஒரே அழுத்தாக அழுத்தி ஏற்றுவதைக் கண்ட பிறகுதான் பிரிட்டிஷாருக்கும் அந்த வித்தை வந்தது. அதற்குள் பல உயிர்கள் போய்விட்டன.

அதோடு நின்றதா? பெட்டிக்குக் குறுக்கே ஒரு தகட்டையும் வைத்தார்கள். அதை உள்ளே தள்ளிவிட்டால் பெட்டியிலிருக்கும் பத்துத் தோட்டாவும் மேலே வராது. சிப்பாய் ஒவ்வொன்றாகப் பையிலிருந்து எடுத்துப் போட்டுச் சுடவேண்டும்; பத்தும் ஆபத்துக்காலச் சேமிப்பு. கையில் தோட்டா அதிகம் இருந்தால் சிப்பாய் வீணடித்துவிடுவான் என்று மேலதிகாரிகளுக்குப் பயம். முதல் உலக யுத்தம் அந்தப் பயத்தைத் தீர்த்துவைத்தது. 1916 வாக்கில் அந்தத் தகட்டைக் கைவிட்டார்கள்.

நம் நாட்டில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கல்கத்தாவுக்கு அருகே ஹூக்ளி நதிக்கரையிலுள்ள இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில், ஜெயில் காவலர்களுக்கும் போலீஸாருக்கும் கொடுப்பதற்கென்றே .410 என்று ஒரு மஸ்கெட்டைத் தயாரித்தார்கள். அதே லீ-என்ஃபீல்டு உடல். ஆனால் தோட்டாப் பெட்டி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மரக்கட்டையை வைத்து அடைத்துவிட்டார்கள். ஒரு குண்டு சுட்டால் அடுத்ததைக் கையால்தான் போடவேண்டும். வெள்ளைக்கார சர்க்கார் தன் சிப்பந்திகளிடம் வைத்திருந்த நம்பிக்கையின் அளவை அந்த மரக்கட்டை சொல்லிவிடுகிறது.

பெட்டியைக் கழற்றாததற்கு வேறொரு காரணமும் உண்டு. இன்றைய விவாதத்தின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு பெட்டியும் அதனதன் துப்பாக்கிக்கென்று கைவேலையால் பொருத்தப்பட்டது. இந்தத் துப்பாக்கியின் பெட்டியை அடுத்த துப்பாக்கியில் மாட்டினால் மாட்டும்; ஆனால் தோட்டா ஒழுங்காக ஏறும் என்று யாரும் உறுதி சொல்லமுடியாது. கழற்றுவது ஒன்று, கழற்றியதை எதில் வேண்டுமானாலும் மாட்டுவது வேறொன்று. முதலாவது 1879-ல் வந்தது. இரண்டாவது முழுமையாக வருவதற்கு இன்னும் நூறு வருஷம் பிடித்தது.

1962-ல் லடாக்கிலும் வடகிழக்கு எல்லையிலும் நம் ஜவான்கள் இந்த .303 துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டுதான் சீனர்களின் தானியங்கித் துப்பாக்கிகளை எதிர்த்தார்கள். அதன்பின் இஷாப்பூர் தொழிற்சாலை அதே துப்பாக்கியை 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு மாற்றி ‘2ஏ’, ‘2ஏ1’ என்று தயாரித்தது. தோட்டா மாறினால் பெட்டியும் மாறியாக வேண்டும். .303 தோட்டாவுக்கு அடியில் விளிம்பு உண்டு. உடலும் மேலே போகப்போகக் குறுகும். ஆகவே அதன் பெட்டி வளைந்தாற்போல் இருக்கும். 7.62-க்கு விளிம்பு துருத்தாது. அதன் பெட்டி சதுரமாக அமைந்தது. பழைய 2ஏ1 துப்பாக்கியைத் தூரத்திலிருந்தே அடையாளம் காண அந்தச் சதுரப் பெட்டி போதும்.

அரை மில்லிமீட்டர் வித்தியாசம்

தொலைநோக்கிக் கண்ணாடி வந்ததும் நிலைமை மாறியது. ஸ்னைப்பர் துப்பாக்கியில் கண்ணாடியை யந்திரத்துக்கு நேர்மேலே பொருத்துகிறார்கள். தோட்டா ஏற்றும் வாயும் அங்கேதான் இருக்கிறது. தகட்டில் கோத்த ஐந்து தோட்டாவை மேலிருந்து அழுத்த வழியில்லை, கண்ணாடி மறைக்கிறது. விரல்களை அதன் கீழே நுழைத்து ஒவ்வொன்றாகத்தான் போடவேண்டும். கையுறை போட்ட விரல், உறையவைக்கும் குளிர், எதிரே எதிரி. அடியிலிருந்து மாட்டும் பெட்டி இருந்தால் இந்தத் தொல்லை ஒரு நொடியில் தீர்ந்தது. துப்பாக்கியை வெறுமையாக்குவதும் சுலபம். ஒவ்வொரு தோட்டாவையும் யந்திரத்தின் வழியே இழுத்து வெளியே தள்ள வேண்டியதில்லை.

ஆனால் பெட்டி சரியாக உட்காரவேண்டும். அதன் மேல்வாயில் இருபுறமும் உள்நோக்கி வளைந்த இரண்டு உதடுகள் இருக்கின்றன. அடியில் இருக்கும் ஸ்பிரிங் தோட்டாக்களை மேலே தள்ளுகிறது; உதடுகள் பிடித்து நிறுத்துகின்றன. முன்னால் வரும் போல்ட், மேல் தோட்டாவின் பின்பக்கத்தை இடித்துக் குழலுக்குள் தள்ளவேண்டும். பெட்டி அரை மில்லிமீட்டர் தாழ்ந்து உட்கார்ந்தாலும் போல்ட் தோட்டாவைத் தொடாமலே மேலோடிப் போய்விடலாம். ஜவான் விசையை இழுப்பார், ‘டக்’ என்று வெறும் சத்தம்தான் கேட்கும். உயர்ந்து உட்கார்ந்தால் போல்ட் அதில் உரசும். உதடு சற்று நெளிந்திருந்தால் தோட்டா மூக்கை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சிக்கிக்கொள்ளும்.

மரக்கட்டையால் இந்த அளவுக்குக் கட்டுப்பாடாக இருக்கமுடியாது. மழைக்காலத்தில் ஊதும், கோடையில் சுருங்கும். இறுக்கிய திருகுகளும் மரத்தை நசுக்கிக்கொண்டே போகும். அலுமினியச் சட்டம் அப்படியில்லை. ஆயிரம் சட்டம் செய்தாலும் பெட்டி செருகும் வாய் ஒரே அளவில் இருக்கும்படி யந்திரம் கடைந்து தருகிறது. சேஸிஸும் கழற்றும் பெட்டியும் சேர்ந்தே வந்ததன் ரகசியம் இதுதான். பெட்டிக்கு ஒரு நிலையான வீடு கிடைத்தது.

இந்த வழியை நன்றாகத் திறந்துவிட்டவர்களில் இங்கிலாந்தின் மால்கம் கூப்பர் முக்கியமானவர். 1984-லும் 1988-லும் ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் பெற்ற துப்பாக்கி வீரர். அவர் தொடங்கிய அக்யூரஸி இன்டர்நேஷனல் என்ற கம்பெனி, அலுமினியத்தில் முதுகெலும்பு போல ஒரு சட்டம் செய்து, அதன் இருபுறமும் பிளாஸ்டிக் ஓடுகளைப் பொருத்தியது. பிரிட்டிஷ் ராணுவம் 1980-களில் அந்தத் துப்பாக்கியை ஏற்றது. அந்தக் கம்பெனி பின்பு மற்றவர்களின் துப்பாக்கி யந்திரத்தை வைப்பதற்கென்று ஒரு சேஸிஸை விற்றது. அதற்கென்று செய்த பெட்டியின் அளவைப் பார்த்து மற்றக் கம்பெனிகளும் பெட்டி செய்யத் தொடங்கின. எந்த சர்க்காரும் உத்தரவு போடவில்லை. எந்த மகாநாடும் தீர்மானம் நிறைவேற்றவில்லை. கடைத்தெருவே அதைப் பொது அளவாக்கிவிட்டது.

அமெரிக்கர்கள் செய்த காரியம் இன்னும் சிக்கனமானது. அவர்களுடைய எம்-24 ஸ்னைப்பர் துப்பாக்கி 1988-ல் வந்தது. அதில் பெட்டி உள்ளேயே அடைபட்டது. மேலிருந்து ஐந்து தோட்டா போடவேண்டும். ஆப்கானிஸ்தானத்து மலைகளில் அது போதவில்லை என்று கண்டதும் அத்தனையையும் தூக்கி எறிந்துவிடவில்லை. பழைய யந்திரப் பகுதியை வைத்துக்கொண்டு, புதிய குழலும், மடக்கும் கட்டையுள்ள சேஸிஸும், கழற்றி மாட்டும் பெட்டியும் சேர்த்து எம்-2010 என்று திருப்பிக் கொடுத்தார்கள். 2011-ல் அது போர்முனைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஊருக்கு ஒரு பெட்டி

நம் நாட்டுக் கதை என்ன? பெட்டி மோசமானால் என்ன ஆகும் என்பதை நாம் பனிமலையில் கற்றிருக்கிறோம். 1999 கார்கில் யுத்தத்தின்போது இன்ஸாஸ் துப்பாக்கியின் பிளாஸ்டிக் பெட்டிகள் கடுங்குளிரில் கீறல்விட்டன என்று புகார்கள் எழுந்தன. அது கைப்பிடி இழுக்கும் துப்பாக்கி அல்லதான். ஆனாலும் பல வருஷம் பாடுபட்டு நாமே உருவாக்கிய துப்பாக்கியின் பெயரைக் கெடுத்த காரணங்களில் அதன் பெட்டியும் ஒன்று என்பதை மறக்கமுடியாது.

ஸ்னைப்பர் துப்பாக்கிகளில் நம் ராணுவம் நெடுங்காலம் ரஷ்யாவின் டிரகுனோவை நம்பியிருந்தது. 2019 வாக்கில் காஷ்மீர் எல்லைக்கென்று இத்தாலியின் பெரெட்டாவையும் அமெரிக்காவின் பாரெட்டையும் சிறிய எண்ணிக்கையில் வாங்கியது. 2022-ல் பின்லாந்தின் ஸாகோ வந்தது. பெரெட்டாவும் ஸாகோவும் சுடுவது ஒரே .338 தோட்டாதான். ஆனால் ஸாகோவின் பெட்டி அந்தக் கம்பெனிக்கே உரிய அமைப்பு. பெரெட்டாவின் பெட்டி அதில் மாட்டாது. டிரகுனோவுக்கு ஒரு பெட்டி, பாரெட்டுக்கு ஒரு பெட்டி. ஒரே மலையில் நாலு நாட்டுப் பெட்டிகள்! ஒருவருடைய பெட்டி பனியில் விழுந்து உதடு நெளிந்துவிட்டால், பக்கத்துப் பதுங்குகுழியிலிருந்து இரவல் வாங்கவும் வழியில்லை. மாற்றுப் பெட்டி கடல் கடந்து வரவேண்டும். துப்பாக்கி வாங்கும் உற்சாகம் பெட்டி வாங்கும்போது இருப்பதில்லை என்பது எல்லா நாட்டுக் கொள்முதல் அதிகாரிகளுக்கும் பொருந்தும் உண்மை.

உள்நாட்டு முயற்சி இல்லாமலில்லை. இதில் தமிழ்நாடு பெருமைப்படவும் இடமிருக்கிறது. 1966-ல் தொடங்கிய திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலை செய்யும் ‘வித்வன்ஸக்’ என்ற பெருந்துப்பாக்கியும் கையால் போல்ட் இழுக்கும் ஜாதிதான். 2005-ல் தென்னாப்பிரிக்க டெனல் கம்பெனியின் ஒப்பந்தம் ஊழல் புகாரில் சிக்கி நின்றுபோனதும், அதற்கு மாற்றாகத் திருச்சியில் இது பிறந்தது. குழல், போல்ட், பெட்டி, கண்ணாடி நான்கையும் மாற்றினால் போர்க்களத்திலேயே வேறு அளவுத் தோட்டாவைச் சுடும் துப்பாக்கியாகிவிடும். எல்லைப் பாதுகாப்புப் படை வாங்கிக்கொண்டது. எடை அதிகம் என்று ராணுவம் ஏற்கவில்லை. இஷாப்பூரும் .338 தோட்டாவுக்கு ஒரு ஸ்னைப்பரைச் செய்து 2020 லக்னோ ராணுவக் கண்காட்சியில் வைத்தது. பெங்களூரின் எஸ்.எஸ்.எஸ். டிஃபென்ஸ் என்ற தனியார் கம்பெனி ‘வைப்பர்’, ‘ஸேபர்’ என்ற இரண்டு துப்பாக்கிகளைச் செய்கிறது. அதன் .338 துப்பாக்கி வெளிநாட்டுக்கு ஏற்றுமதியானதாக 2024-ல் செய்தி வந்தது. வெளிநாட்டிலிருந்து வாங்கியே பழகிய நமக்கு அது சாமானியச் செய்தி அல்ல.

ஸ்னைப்பருக்கு இரண்டு மூன்று குண்டுக்கு மேல் வேலையில்லை, அவருக்கு எதற்குக் கழற்றும் பெட்டி என்று வாதிப்பவர்களும் உண்டு. அடியில் துருத்திக்கொண்டிருக்கும் பெட்டி, தரையோடு தரையாகப் படுக்கத் தடை. தொலைந்தால் துப்பாக்கி ஒற்றைக் குண்டுத் துப்பாக்கியாகிவிடும். தூசியும் சேறும் புகும் என்கிறார்கள். மறுக்கமுடியாத வாதம்தான். ஆனால் உலகம் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. பெரிய ராணுவங்கள் எல்லாம் கழற்றும் பெட்டிக்குப் போய்விட்டன. இனி நமக்கு முன்னால் உள்ள பிரச்னை, பெட்டி வேண்டுமா என்பதல்ல. எந்தப் பெட்டி, யார் செய்வது என்பதுதான்.

தகரமும் ஸ்பிரிங்கும்

இங்கேதான் நசரத்பேட்டை போன்ற ஊர்களுக்கும் இந்த விஷயத்துக்கும் சம்பந்தம் வருகிறது. வடக்கே சில மைலில் ஆவடி. 1965-ல் விஜயந்தா டாங்கியைச் சாலையில் ஓடவிட்ட கனரக வாகனத் தொழிற்சாலை அங்கே இருக்கிறது. அதற்குக் கிழக்கே அம்பத்தூர். தகடு வெட்டும் பிரஸ்களும், ஸ்பிரிங் சுற்றும் பட்டறைகளும், வெல்டிங்கும் முலாமும் அங்கே அன்றாடத் தொழில். மேற்கே ஸ்ரீபெரும்புதூர் கார்த் தொழிற்சாலைகள். இந்த மூன்றுக்கும் நடுவே உள்ள பட்டறைகள் பெரிய கம்பெனிகள் கொடுக்கும் வரைபடத்தைப் பார்த்து, நூற்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் பிசகாமல் உதிரி பாகம் செய்து கொடுத்தே பிழைக்கின்றன.

தோட்டாப் பெட்டியில் என்ன இருக்கிறது? மடித்து வெல்டிங் செய்த தகட்டு உடல், ஒரு ஸ்பிரிங், தோட்டாவைத் தாங்கும் ஒரு மேடை, ஓர் அடிமூடி. கார்ப் பிரேக்குக்குப் பாகம் அடிக்கத் தெரிந்த பட்டறைக்கு இது எட்டாத வித்தையல்ல. கஷ்டம், பத்தாயிரமாவது பெட்டியின் உதடும் முதல் பெட்டியின் உதடு போலவே இருக்கவேண்டும் என்பதில்தான் இருக்கிறது. அந்த ஒழுங்கைக் கார்க் கம்பெனிகள் இந்தப் பட்டறைகளுக்கு ஏற்கெனவே கற்றுக்கொடுத்துவிட்டன.

ஆனால் நினைத்த பட்டறை நினைத்தபடி இதில் இறங்கிவிட முடியாது, இறங்கவும் கூடாது. 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கியின் பாகமும் ஆயுதக் கணக்கில்தான் வருகிறது. லைசென்ஸ் இல்லாமல் செய்வதோ மாற்றியமைப்பதோ குற்றம்; 2019 திருத்தத்துக்குப் பிறகு கள்ள உற்பத்திக்கு ஏழு வருஷத்திலிருந்து ஆயுள் தண்டனை வரை போகலாம். இந்தக் கண்டிப்பு அவசியமே. அதே சமயம், லைசென்ஸ் பெற்ற உற்பத்தியாளர்களுக்கான விதிகளை மத்திய சர்க்கார் 2017-ல் தளர்த்தியது. 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கிவைத்த தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஆகிய ஐந்தும் கேந்திரங்கள். கதவு திறந்திருக்கிறது.

உள்ளே போனால் யாரிடம் பேசுவது என்பதுதான் குழப்பம். 2021 அக்டோபர் 1 வரை ஆவடி, திருச்சி, இஷாப்பூர் எல்லாம் ஒரே ஆயுதத் தொழிற்சாலை வாரியத்தின் கீழ் இருந்தன. அன்று வாரியம் ஏழு கம்பெனிகளாகப் பிரிந்தது. ஆவடித் தொழிற்சாலை, ஆவடியையே தலைமையிடமாகக் கொண்ட கவச வாகனக் கம்பெனிக்குப் போயிற்று. திருச்சியும் இஷாப்பூரும் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆயுதக் கம்பெனிக்குப் போயின. பக்கத்து ஊர் ஆவடியில் நல்ல பெயர் எடுத்த பட்டறைக்காரர், துப்பாக்கிப் பெட்டி செய்யவேண்டுமானால் கான்பூரில் புது முகமாகத்தான் நிற்கவேண்டும்.

அதைவிடப் பெரிய முட்டுக்கட்டை வரைபடம். பெட்டியின் அளவு ஒவ்வொரு கம்பெனியின் பூட்டிய அலமாரியிலும் தனித்தனியாக இருக்கிறது. வாங்கும்போதே, எந்தக் கம்பெனித் துப்பாக்கியானாலும் இன்ன தோட்டாவுக்கு இன்ன அளவுப் பெட்டிதான் மாட்டவேண்டும் என்று ராணுவம் நிபந்தனை போட்டால் விற்பவர்கள் வேறு வழியின்றிச் சேஸிஸின் வாயை அந்த அளவுக்குக் கடைவார்கள். மேல்நாட்டில் கடைத்தெரு செய்ததை இங்கே ராணுவம் ஒரு பக்க உத்தரவில் செய்துவிடலாம். .338 தோட்டாவுக்கு ஒன்று, 7.62 தோட்டாவுக்கு ஒன்று, இரண்டே வரைபடம் போதும். லைசென்ஸ் உள்ள பட்டறைகள் போட்டி போட்டுக்கொண்டு டெண்டர் போடும், விலை குறையும், பெட்டியும் எல்லைக்கு ரயிலிலேயே போய்ச் சேரும். அந்த இரண்டு வரைபடங்கள் வெளியே வரும்வரை அம்பத்தூர் பிரஸ்கள் கார்ப் பாகங்களை அடித்துக்கொண்டிருக்கும். ஸாகோவுக்கு வேண்டிய பெட்டி பின்லாந்திலிருந்து வந்துகொண்டிருக்கும்.